டர்பனிலிருந்து டிராக்கன்ஸ்பர்க்: ஒரு பயணத்துக்கு ஒரு பள்ளத்தாக்கு

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து இறங்குகிறவர்கள் முதல் இரண்டு மாதத்தைக் கடற்கரை, பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறி ஊற்றித் தருவது), சாட்ஸ்வர்த் கோயில்கள் என்று ஓட்டிவிடுவார்கள். மூன்றாம் மாதம் வாட்ஸ்ஆப்பில் ஒரு கேள்வி வரும்: "அண்ணே, டிராக்கன்ஸ்பர்க் போகலாம்னு இருக்கோம். சனி, ஞாயிறு ரெண்டு நாள்ல எல்லாத்தையும் பாத்துட்டு வந்துடலாம்ல?"

முடியாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே கணக்கோடுதான் கிளம்பினேன். ஊட்டிக்குப் போனால் குன்னூர், கோத்தகிரி என்று மலைமேலேயே ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்குவோமே, அந்தப் பழக்கம். இந்த மலையில் அது நடக்காது. சுமார் 200 கிலோமீட்டருக்கு மதில் கட்டினாற்போல் நிற்கும் மலை இது. அதன் அடிவாரத்தை ஒட்டி நேராக ஓடும் சாலை கிடையாது. ஒரு சீப்பை நினைத்துக்கொள்ளுங்கள். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்-3 நெடுஞ்சாலை சீப்பின் முதுகு. அதிலிருந்து பிரியும் சாலைகள் பற்கள். ஒவ்வொரு பல்லும் ஒரு பள்ளத்தாக்குக்குள் போய் மலைச்சுவரில் முட்டி நின்றுவிடும். அடுத்த பள்ளத்தாக்கு வேண்டுமென்றால் முதுகுப் பக்கமாகத் திரும்பி வந்து மறுபடி நுழைய வேண்டும். வரைபடத்தில் ஒரு விரல் அகலமாகத் தெரிவது காரில் ஒன்றரை மணி நேரத்தைத் தின்னும்.

முதல் பயணத்தில் காலையில் ஜயன்ட்ஸ் காசில், மாலையில் ராயல் நேட்டல் என்று திட்டம் போட்டிருந்தேன். இரண்டாவது இடத்தை நெருங்கும்போது ஆலங்கட்டி மழை. கார் கூரைமேல் யாரோ கூடை கூடையாகக் கோலிக்குண்டு கொட்டுவதுபோலச் சத்தம். மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. என் மனைவி வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால்தான் கேட்கிறவர்களிடமெல்லாம் ஒரே பதிலைச் சொல்கிறேன்: ஒரு பயணத்துக்கு ஒரு பள்ளத்தாக்கு.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. டிராக்கன்ஸ்பர்க் என்பது ஆப்பிரிகான்ஸ் மொழியில் டிராகன் மலை. சுலுக்காரர்கள் உகஹ்லம்பா என்பார்கள். ஈட்டிகளை வரிசையாக நட்டுவைத்த அரண் என்று பொருள். விடியற்காலையில் பார்த்தால் சுலுப் பெயர்தான் சரியென்று படும். டர்பன்காரர்கள் வாயில் இது வெறும் 'பர்க்'.

முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள்

தென்னாப்பிரிக்காவில் பருவங்கள் நமக்குத் தலைகீழ். நவம்பர் முதல் மார்ச் வரை கோடையும் மழையும் சேர்ந்தே வரும். மலை பச்சைப் பசேலென்று இருக்கும், அருவிகள் கொட்டும். ஆனால் மதியம் ஒரு மணி, இரண்டு மணிக்கு மேல் இடி மின்னல் ஏறக்குறைய தினமும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம்: வானம் கண்ணாடிபோல இருக்கும், புல்லெல்லாம் வைக்கோல் நிறமாகிவிடும், இரவில் தண்ணீர் உறையும். துகேலா அருவியும் இழையாக மெலிந்துவிடும். முதல்முறை போகிறவர்களுக்கு ஏப்ரலும் மேயும் நல்லது. மழை ஓய்ந்திருக்கும், பச்சை இன்னும் மிச்சமிருக்கும்.

பனியை நம்பியும் போகாதீர்கள், பனி வராது என்று நம்பியும் போகாதீர்கள். 2024 செப்டம்பரில், வசந்தம் பிறந்துவிட்டது என்று எல்லாரும் ஸ்வெட்டரை மடித்து வைத்த பிறகு, வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பெய்த பனியில் என்-3 நெடுஞ்சாலையே மூடப்பட்டு, இரவு முழுக்க வண்டிகள் சிக்கிக்கொண்டன. கிளம்பும் முன் வானிலை பாருங்கள். பின்சீட்டில் ஆளுக்கொரு கம்பளி எப்போதும் கிடக்கட்டும்.

அடுத்து, வண்டி

இங்கேயும் இடதுபுறம்தான் ஓட்ட வேண்டும், அந்த மட்டில் பழகியதுதான். பெரும்பாலான பள்ளத்தாக்குகளுக்குச் சாதாரணக் காரே போதும். சானி கணவாய்க்கு மட்டும் போதாது. அதைப் பிறகு சொல்கிறேன். நெடுஞ்சாலையை விட்டு விலகியதும் குண்டுகுழி, மாடு, ஆடு, பள்ளிக்கூடம் விட்டு நடந்து வரும் பிள்ளைகள். இருட்டிய பிறகு அந்தச் சாலைகளில் ஓட்டவே ஓட்டாதீர்கள். கறுப்பு மாடு நடுரோட்டில் படுத்திருப்பது பக்கத்தில் போகும்வரை தெரியாது. வழியிலுள்ள ஊர்களான மூயி ரிவரிலோ எஸ்ட்கோர்ட்டிலோ பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். பெட்ரோல் போடுகிறவருக்கு ஐந்து, பத்து ராண்ட் கொடுப்பது இங்கே வழக்கம். வரைபடத்தைப் போனில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்குக்குள் சிக்னல் வரும், போகும்.

மலேரியா பயம் இந்த மலையில் இல்லை. ஊரிலிருந்து பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

யாருடைய மலை

நம்மூர்ப் பயணக் கட்டுரைகளில் இதைப் 'பழங்குடிப் பகுதி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்தச் சொல் இங்கே அப்படிப் பொருந்தாது. சுலு மக்கள் இந்தக் குவாசுலு-நேட்டல் மாநிலத்தின் பெரும்பான்மை. மலையடிவாரத்தில் அமங்வானே, அமஸிஸி, அமஹ்லுபி என்று குலத்தலைவர்களின் கீழ் இருக்கும் ஊர்கள் அவர்களுடையவை. மலைக்கு மேலே இருப்பவர்கள் பசோத்தோ மக்கள்; லெசோத்தோ என்ற தனி நாடே அவர்களுக்கு இருக்கிறது. இவர்கள் எல்லாருக்கும் முன்னால், ஆயிரக்கணக்கான ஆண்டுகள், இந்தக் குகைகளில் வாழ்ந்தவர்கள் சான் மக்கள். வேட்டையாடிகள். சுலுவில் அவர்களுக்கு அபத்வா என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் குடியேறிகள் அவர்களை வேட்டையாடித் துரத்தினார்கள். தப்பியவர்கள் மற்ற இனங்களோடு கலந்தார்கள். இன்று அவர்களைத் தனிச் சமூகமாக இந்த மலையில் பார்க்க முடியாது, பாறையில் பார்க்கலாம். யுனெஸ்கோ 2000இல் இந்த மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இயற்கை, பண்பாடு என்று இரண்டு காரணங்களையும் சேர்த்தே சொன்னது. சுமார் 600 இடங்களில் 35,000 உருவங்கள்.

காம்பர்க், ஜயன்ட்ஸ் காசில்: ஓவியம் பார்க்க

ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால் காம்பர்க் போங்கள் என்பேன். நண்பர்கள் பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கு அருவி வேண்டும். காம்பர்க்கில் கேம் பாஸ் ஷெல்டர் என்றொரு பாறைக் குடை இருக்கிறது. தனியாகப் போக விடமாட்டார்கள். வழிகாட்டியுடன்தான் ஏற வேண்டும். போய்வர மூன்று மணி நேரம் ஆகும், கடைசிப் பகுதி நல்ல ஏற்றம். முன்கூட்டிப் பதிவு செய்துவிட்டுக் காலையிலேயே போங்கள்.

மேலே போனதும் வழிகாட்டி சட்டென்று காட்டிவிட மாட்டார், கொஞ்ச நேரம் சும்மா நிற்கவிடுவார். கண் பழகியதும் எலாண்டுகள் தெரியும். ஆப்பிரிக்க மான்களிலேயே பெரிய உடம்பு அதற்கு, நம்மூர்க் காளை அளவு இருக்கும். ஒரு எலாண்டு மட்டும் தலையைத் தொங்கப் போட்டுத் தள்ளாடுகிறது. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, உடம்பு மயிர் சிலிர்த்து நிற்கிறது. சாகப்போகிற மிருகம். அதன் வாலைப் பிடித்தபடி ஒரு மனிதன் நிற்கிறான். அவன் காலும் அதேபோலப் பின்னியிருக்கிறது. பாதம் இருக்க வேண்டிய இடத்தில் குளம்பு. சான் மருத்துவர்கள் ஆடி ஆடித் தன்னிலை இழந்து வேறு உலகத்துக்குப் போவதைத்தான் இது சொல்கிறது என்று ஆய்வாளர்கள் இந்த ஓவியத்தை வைத்துத்தான் விளக்கினார்கள். எனக்கு நினைவு வந்தது மாரியம்மன் கோயிலில் அருள் வந்து ஆடுகிறவர்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோயிலில் புனித வெள்ளியன்று தீமிதிக்கு வரிசையில் நிற்கிறவர்களின் கண்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாறை மனிதன் அந்நியமாகத் தெரியமாட்டான்.

ஓவியத்தைத் தொடாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று ஒரு காலத்தில் வந்தவர்கள் தண்ணீரைத் தெளித்திருக்கிறார்கள். அப்படிக் கெட்டுப்போனவை நிறைய.

ஏற்றம் முடியாதவர்கள், பெரியவர்கள், சின்னப் பிள்ளைகள் உடன் வந்தால் ஜயன்ட்ஸ் காசில். அங்கே மெயின் கேவ்ஸ் குகைகளுக்கு முகாமிலிருந்து அரை, முக்கால் மணி நேரம் நிதானமாக நடந்தால் போதும். குகையில் வழிகாட்டி இருப்பார். இந்தப் பள்ளத்தாக்குக்கு இன்னொரு கதையும் உண்டு. 1873இல் அமஹ்லுபித் தலைவர் லங்கலிபலேலே, துப்பாக்கிகளைப் பதிவு செய்யச் சொன்ன காலனி அரசுக்குப் பணியாமல், தன் மக்களோடும் மாடுகளோடும் இங்குள்ள கணவாய் வழியாக மலையேறித் தப்பப் பார்த்தார். மேலே மோதல் நடந்தது, இரு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். கடைசியில் பசுட்டோலாந்தில் (இன்றைய லெசோத்தோ) பிடிபட்டு, ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டார். மண்டேலாவை அதே தீவில் அடைப்பதற்குத் தொண்ணூறு வருஷத்துக்கு முந்திய கதை. கணவாய்க்கு இப்போது அவர் பெயர்தான்.

பபூன் குரங்குகள் விஷயத்தில் கவனம். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். எங்கள் வீட்டுத் தேங்காய் பர்ஃபி டப்பாவை ஒன்று திறந்து சாப்பிட்ட நேர்த்தியைப் பார்த்தால், மூடியைத் திருகத் தெரிந்த மிருகம் என்றே சொல்லுவேன்.

ராயல் நேட்டல்: சுவரைப் பார்க்க

அஞ்சல் அட்டைகளில் வரும் படம் இங்கேதான். ஆம்ஃபிதியேட்டர் என்று பெயர். ஐந்து கிலோமீட்டர் அகலத்துக்கு அரைவட்டமாகச் செங்குத்துப் பாறை. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகக் கொட்டி இறுகிய கருங்கல் மேலே, மணற்கல் கீழே. அந்த மணற்கல்லில்தான் குகைகளும் ஓவியங்களும். சுவரின் உச்சியிலிருந்து துகேலா அருவி பல கட்டமாக விழுகிறது. மொத்த உயரம் 948 மீட்டர் என்பது பழைய கணக்கு. உலகின் மிக உயரமான அருவி இதுவா, வெனிசுவேலாவின் ஏஞ்சல் அருவியா என்று வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

கீழிருந்து பார்க்கத் துகேலா கார்ஜ் நடை. போய்வர 14 கிலோமீட்டர்போல, ஐந்தாறு மணி நேரம். முக்கால்வாசி சமதளம், பிறகு ஆற்றுக்குள் பாறை தாவ வேண்டும், கடைசியில் ஒரு ஏணி. தண்ணீர் ஏறியிருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். காலை ஏழுக்குள் கிளம்பினால் இடி இடிக்கும் முன் தேநீருக்கு வந்துவிடலாம். வாசலில் பதிவேடு இருக்கும். யார், எத்தனை பேர், எந்த வழி, எப்போது திரும்புவோம் என்று எழுதச் சொல்வார்கள். சலிப்போடு கிறுக்காமல் தெளிவாக எழுதுங்கள். தேட வருகிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். திரும்பியதும் வந்துவிட்டேன் என்று குறிக்க மறக்காதீர்கள்.

அதே அருவியை மேலிருந்து பார்க்கச் செண்டினல் பாதை. கீழே நின்று பார்த்தால் தலைக்கு நேர்மேலே தெரியும் இடம்தான், ஆனால் காரில் ஹாரிஸ்மித், பூதாடிஜ்ஹாபா என்று மறுபக்கம் சுற்றிப் போக வேண்டும். சீப்புக் கணக்கு மறுபடி. விட்ஸீஷூக் விடுதியில் ஓரிரவு தங்கி, மேலே கார் நிறுத்துமிடத்துக்கு அவர்கள் வண்டியிலேயே போவது நல்லது. அந்தக் கடைசிச் சில கிலோமீட்டர் சாலை காருக்கு ஆகாது. பாதையின் அன்றைய பாதுகாப்பு நிலவரத்தையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், கூட்டமாகவே போங்கள்.

பாதையின் நடுவில் சங்கிலி ஏணிகள். இரண்டு கட்டம், பாறையோடு ஒட்டித் தொங்கும் இரும்புப் படிகள், கை வைத்தால் ஐஸாகக் குளிரும். ஏறும்போது லேசாக ஆடும். முதல் முறை பாதி ஏறியதும் எனக்கு முன்னால் போன பையன் நின்றுவிட்டான். "கீழ பாக்காத தம்பி, அடுத்த படிய மட்டும் பாரு" என்று சொன்னேன். சொல்லிக்கொண்டது எனக்கும்தான். குளிர்காலத்தில் படிகளில் பனிக்கட்டி படிந்திருந்தால் ஏற வேண்டாம். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு இந்தப் பாதையே வேண்டாம்.

சானி கணவாய்: நாடு தாண்ட

அண்டர்பர்க், ஹிம்வில் ஊர்களிலிருந்து ஏறுவது. வழி ஹோவிக் தாண்டித்தான். ஹோவிக் பக்கத்தில் 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலாவைப் பிடித்த இடம் இருக்கிறது. 50 இரும்புத் தூண்கள் நட்டிருப்பார்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் மட்டும் அவை கூடி அவர் முகமாகும். ஓரடி நகர்ந்தால் வெறும் இரும்பு. அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

சானியில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: நான்கு சக்கர இயக்க வண்டி இல்லாமல் தென்னாப்பிரிக்கச் சாவடியைத் தாண்ட விடமாட்டார்கள். நான் சின்ன வாடகைக் காரில் போய் நின்று, அந்தக் காவலரின் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு திரும்பினவன். அண்டர்பர்க்கிலும் ஹிம்விலிலும் ஒருநாள் சுற்றுலா வண்டிகள் உண்டு, அதில் போய்விடுங்கள். சொந்தமாக வண்டி ஓட்டிப் போவதைவிடச் செலவும் குறைவு, வளைவுகளில் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியும்.

இரண்டாவது, காகிதம். லெசோத்தோ தனி நாடு. பாஸ்போர்ட் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அப்போது என்ன விசா விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் தென்னாப்பிரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்று பாருங்கள். ஒருமுறை நுழைவு விசாவோடு மேலே போய்விட்டால், இறங்கி வர உங்களுக்கு உரிமை இருக்காது. வாடகை வண்டியென்றால் எல்லை தாண்ட நிறுவனத்தின் கடிதம் வேண்டும். சாவடி மாலை ஆறுக்கு மூடிவிடும். பணம் மாற்றத் தேவையில்லை, அங்கே ராண்ட் செல்லும். ஆனால் மீதிச் சில்லறையாகக் கிடைக்கும் லெசோத்தோ நாணயமான லோட்டியை அங்கேயே செலவழித்துவிடுங்கள், கீழே யாரும் வாங்கமாட்டார்கள்.

உச்சி 2,876 மீட்டர். ஆனைமுடியைவிட உயரம். மேலே மரமே இல்லாத புல்வெளி, காற்று, கம்பளி போர்த்திக் குதிரையில் போகும் இடையர்கள். கம்பளி அங்கே குளிருக்கு மட்டுமல்ல, கல்யாணம், காட்சி எல்லாவற்றுக்கும் அதுதான் மரியாதை உடை. நமக்குப் பட்டு வேட்டிபோல. கல் வீடுகளில் ஒன்றுக்குள் அழைத்துப் போவார்கள். உள்ளே நுழைந்ததும் எனக்கு வந்த வாசனை என் பாட்டி வீட்டு அடுப்படி. வரட்டி! விறகில்லாத ஊர், சாணியைக் காயவைத்துத்தான் எரிக்கிறார்கள். இரும்புப் பானையில் சுட்ட ரொட்டியை அந்த அம்மா துணியில் பிடித்துப் பிட்டுக் கொடுத்தார். வீட்டு வாசல் கம்பத்தில் வெள்ளைக் கொடி பறந்தால் உள்ளே சோளக் கள் விற்பனை என்று பொருள். நம் ஆட்கள் இதை மட்டும் ஒருமுறை கேட்டு மறப்பதில்லை.

கதீட்ரல் பீக், சாம்பேன் பள்ளத்தாக்கு இரண்டும் விடுதி, குதிரைச் சவாரி, சின்னப் பிள்ளைகளுக்கான நடை என்று வசதியான இடங்கள். குடும்பமாக ஓய்வெடுக்கப் போகிறவர்களுக்கு அவையே போதும். சாம்பேன் பக்கம் போனால், பள்ளி நாட்களில் புதன்கிழமை பிற்பகல் டிராக்கன்ஸ்பர்க் சிறுவர் பாடகர் குழுவின் கச்சேரி உண்டு. டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

ஊர்களுக்குள் நடந்துகொள்வது

வழி கேட்பதற்கு முன் வணக்கம் சொல்ல வேண்டும். நேராக "அருவி எங்கே" என்று ஆரம்பித்தால் முகம் சுருங்கும். ஒருவரென்றால் "சாவுபோனா", பலரென்றால் "சனிபோனானி". நன்றிக்கு "ங்கியாபோங்கா". லெசோத்தோவில் "டுமேலா"; ஆணென்றால் கூடவே "ன்டாடே", பெண்ணென்றால் "ம்மே". அப்பா, அம்மா என்றுதான் பொருள். முன்பின் தெரியாதவரை ஐயா, அம்மா என்று அழைக்கிற நமக்கு இது தானாகவே வாயில் வந்துவிடும். எதைக் கொடுத்தாலும் வலது கையால், இடது கையால் முழங்கையைத் தொட்டபடி கொடுப்பார்கள், வாங்குவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். ஓடிவரும் பிள்ளைகளுக்குக் கார் ஜன்னல் வழியாக மிட்டாய் வீசுவதை மட்டும் செய்யாதீர்கள். பிள்ளைகள் சக்கரத்துக்கு அடியில் வந்து விழுகிறார்கள்.

சாப்பாடு

விடுதிகளில் சைவம் என்றால் உருளைக்கிழங்கு வறுவலும் சாலட்டும். பூங்கா முகாம்களில் அடுப்பு, பாத்திரத்தோடு வீடுகள் கிடைக்கும். அரிசி, பருப்பு, ஊறுகாய் கட்டிக்கொண்டு போனால் கவலையில்லை. வழிக்கு எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி உருளைக்கிழங்குக் கறி வைத்து ரொட்டி ரோல் சுருட்டித் தருவார். ஐந்து தலைமுறைக்கு முன் வந்த குடும்பம், தமிழில் பத்து வார்த்தைதான் தெரியும், கைப்பக்குவம் மட்டும் மாறவில்லை.

பர்க்வில் கடைத்தெருவில் ஊபுத்து கிடைத்தால் விடாதீர்கள். மக்காச்சோள மாவை உதிரி உதிரியாகக் கிளறியது. பார்த்தால் புட்டு, பெயரிலும் கிட்டத்தட்ட புட்டு. அதன்மேல் அமாசி என்ற புளித்த பாலை ஊற்றித் தருவார்கள். தயிர் ஊற்றின புட்டு எப்படி இருக்கும் என்று முகம் சுளிக்க வேண்டாம். இரண்டாவது கிண்ணம் கேட்பீர்கள்.

திரும்பும்போது சாலையோரத்தில் பெண்கள் பிளாஸ்டிக் வாளியில் மதும்பி விற்பார்கள், ஏப்ரல், மே என்றால் கட்டாயம். மண் ஒட்டிய நம்ம சேப்பங்கிழங்குதான். வண்டியை நன்றாக ஓரங்கட்டி நிறுத்துங்கள், சில்லறை வைத்திருங்கள், முதலில் "சனிபோனானி". ஒரு வாளி வாங்கினால் மேலே இரண்டு கிழங்கு கூடப் போடுவார்கள். இரவு வீட்டுக்கு வந்து அவித்து, உரித்து, மிளகாய்த்தூள் போட்டு வறுத்தால், மறுநாள் காலை ஆபீஸ் டப்பாவுக்கும் மிச்சமிருக்கும்.